மாடு முட்டவில்லை

காரை ஓட்டியவன் செட்டிகுளத்தில் இருக்கும் தன் வீட்டையே இருசம்மாள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டானாம். நாற்பது லட்சம் ரொக்கம் தனியாம். இந்தச் சேதி இருசம்மாளுக்கே ரேஷன் கடை வரிசையில்தான் தெரிய வந்தது.

“யாருடி சொன்னா?” என்று கேட்டாள், ஊன்றுகோலைக் கை மாற்றிப் பிடித்தபடி.

“மீன்சுருட்டியில எங்க நாத்தனா சொன்னா. அவளுக்கு பஸ்ல ஒருத்தி சொன்னாளாம்.” பக்கத்து வீட்டு ஜானகி குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். “ஏங்கா எங்கிட்ட மறைக்கிற? நான் என்ன பங்கா கேக்கப் போறேன்? இன்னொண்ணும் சொல்றாங்க. கார் வர்றதப் பாத்து நீயே கால நீட்டுனியாம்.”

“ஆமாண்டி. ஒரு காலுக்கு நாப்பது லட்சம். இன்னொரு கால் சும்மாதான் இருக்கு, நீட்டட்டுமா?”

வரிசை சிரித்தது. இருசம்மாளும் சிரித்தாள். ஆனால் அரிசியை வாங்கி ஜானகியின் தலையில் ஏற்றிவிட்டு நடக்கத் தொடங்கியதும் மனசுக்குள் பஸ்களை எண்ணினாள். ஜெயங்கொண்டம் கோர்ட்டில் விபத்து வழக்கின் தீர்ப்பு வந்தது நேற்று மத்தியானம். அது ஒரு ராத்திரிக்குள் மீன்சுருட்டிக்குப் போய், கை கால் முளைத்துத் திரும்பி வந்திருக்கிறது. பஸ் ஏறிய பேச்சு பெரம்பலூர் பஸ்ஸிலும் ஏறும். செட்டிகுளத்துக்குப் போகும். அங்கிருந்து போனில் குவைத்துக்குப் போக எத்தனை நேரமாகும்? வீட்டை எழுதி வாங்கிக்கொண்டாள் என்று குவைத்தில் இருக்கும் தமிழழகன் காதில் விழுவதற்கு முன்னால், நடந்ததைத் தானே அவனிடம் சொல்லிவிட வேண்டும்.

அவள் அவனுக்கு அவ்வளவு கடமைப்பட்டிருந்தாள். அவளை இடித்தவனே அவன்தான் என்பது வேறு விஷயம்.

இருசம்மாளுக்கு நாற்பத்தேழு வயது. ஆண்டிமடத்துக்குப் பக்கத்துக் கிராமம். அவள் அம்மா காலமெல்லாம் அடுத்தவர் கொல்லைக்காட்டில் குனிந்து களை பறித்தவள். இருசம்மாள் முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போனாள். வெயிலிலிருந்து நிழலுக்கு வந்ததே ஒரு முன்னேற்றம்தான் என்பாள். வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் ஒரே தட்டு. பருப்பு இரண்டாகாமல் முழுசாக வர வேண்டும். முழுப் பருப்புக்கு ஒரு கூலி, உடைந்ததற்கு ஒரு கூலி. கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு காலை எட்டு மணிக்குச் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் சாயந்திரம்தான் எழுந்திருப்பாள். எத்தனை சாம்பல் பூசினாலும் கொட்டை ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் விரல்களில் ஏறிக் கறுப்பாகவே நிற்கும். கல்யாணத்துக்குப் போனால் கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள்.

புருஷன் மாயவன் அரியலூர்ப் பக்கம் சிமெண்டு லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டுகிறவன். மகள் இலக்கியா பெரம்பலூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வெள்ளச்சி என்று ஒரு பசு. கொட்டகைக் கூலியில் சீட்டுப் பிடித்து இருசம்மாள் வாங்கியது.

இரண்டு வருஷத்துக்கு முன் மாட்டுப் பொங்கல் அன்று, வெள்ளச்சிக்குப் புதுக் கயிறும் கொம்பில் கட்டப் பலூனும் வாங்கிக்கொண்டு சாலை ஓரமாக அவள் நடந்து வந்தாள். பொழுது இறங்கும் நேரம். எதிரே வந்த கார் ஒரு கணம் சாலையை விட்டு இறங்கியது. முழங்காலுக்குக் கீழே விறகு ஒடிவது போல ஒரு சத்தம். அது தன் கால் என்று அவளுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

மூன்று பேர் கூடினார்கள். மூன்று பேரும் செல்போனில் படம் பிடித்தார்கள். காரை ஓட்டி வந்த பையன் மட்டும் குனிந்து அவளைத் தூக்கினான். இருபத்தாறு வயது இருக்கும், ஒல்லி. தூக்க முடியாமல் தூக்கினான். பின் சீட்டில் படுக்க வைத்து, தன் சட்டையைக் கழற்றிக் காலைச் சுற்றிக் கட்டி, பனியனோடு வண்டியை எடுத்தான்.

“தண்ணி குடுப்பா,” என்றாள்.

“ஆபரேஷன் இருந்தா தண்ணி குடுக்கக் கூடாதுக்கா. இருங்க.” வண்டியை ஓரம் கட்டித் துண்டை நனைத்து உதட்டைத் துடைத்துவிட்டான். வழியெல்லாம் அழுதுகொண்டே ஓட்டினான். வாடகைக் கார், பெரம்பலூர் முதலாளி ஒருவருடையது. இவன் கூலிக்கு ஓட்டுகிறவன். சொந்த ஊர் செட்டிகுளம். அடுத்த மாதம் குவைத்துக்கு டிரைவராகப் போகிறான். விசா வர வேண்டும், போலீஸ் சர்டிபிகேட் வாங்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. “பரவால்லக்கா, போனா போவுது. நீங்க கண்ண மூடாதீங்க, பேசிக்கிட்டே வாங்க,” என்றான். இருசம்மாள் கண்ணை மூடாமல் கேட்டுக்கொண்டே வந்தாள்.

அரியலூர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். “எப்படிம்மா ஆச்சு?”

பையன் சுவரோரம் நின்றிருந்தான். வாயைத் திறக்கப் போனான். அவனுக்கு முன்னால் இருசம்மாள் சொன்னாள்: “மாடு முட்டிருச்சு சார்.”

டாக்டர் அவள் கையைப் பார்த்தார். அதில் இன்னும் அந்தப் புதுக் கயிறு இருந்தது. மாட்டுப் பொங்கல் வேறு. மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டார்.

தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தவனைக் காட்டிக் கொடுக்கிற வழக்கம் அவள் பிறந்த வீட்டிலும் இல்லை, புகுந்த வீட்டிலும் இல்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் அப்போது தோன்றியது.

தமிழழகன் அன்று அவளுக்காக ரத்தம் கொடுத்தான். அவள் வீடு திரும்பும்வரை பதினொரு நாளும் வந்தான். மாயவன் முதல் நாள் அவனை அடிக்கத்தான் போனான். மூன்றாம் நாள் இரண்டு பேரும் சேர்ந்து டீ குடிக்கப் போனார்கள்.

பழி விழுந்தது வெள்ளச்சி மேல்தான். அது பிள்ளைகள் வாலைப் பிடித்து இழுத்தாலும் திரும்பிப் பார்க்காத மாடு. “மனுசிய முட்டுன மாட்ட வூட்டுல வெச்சுக்காத மாயவா, தள்ளி வுட்டுடு,” என்று ஊரில் ஆளாளுக்குச் சொன்னார்கள். “முட்டுற மாட்டுப் பால் எங்க புள்ளைக்கு ஆவாது,” என்று ஜானகி பால் வாங்குவதை நிறுத்தினாள். மாயவன் ராத்திரி சாப்பிட உட்காரும்போது சொல்வான்: “அந்த வாயில்லாத சீவனுக்குக் கெடச்ச பேர பாத்தியா? நீ நல்லவ ஆவறதுக்கு அது கெட்டது ஆயிருச்சு.”

கால் கூடவில்லை. உள்ளே வைத்த கம்பியைச் சுற்றிச் சீழ் பிடித்தது. இன்னொரு ஆபரேஷன் செய்ய வேண்டும், செய்தாலும் தரையில் சம்மணம் போட்டு உட்கார முடியாது என்று ஐந்தாம் மாதம் டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டு இருசம்மாள் அழவில்லை. வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்து பார்த்தாள். பாதி வரைதான் மடங்கியது. அதற்கப்புறம்தான் அழுதாள்.

இலக்கியாதான் அவளை ஜெயங்கொண்டத்தில் வக்கீல் ஜெயசித்ராவிடம் கூட்டிப் போனாள். ஜெயசித்ரா கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பேசுகிறவர். ஆஸ்பத்திரிப் பதிவேட்டின் நகலை இரண்டு தடவை படித்தார்.

“மாடு முட்டிருச்சுன்னு இருக்கு.”

“ஆமாங்க. நான்தான் சொன்னேன்.”

“மாட்டு மேல நான் கேஸ் போட முடியாதும்மா.”

இலக்கியா நடந்ததையெல்லாம் சொன்னாள். ஜெயசித்ரா பேனாவைக் கீழே வைத்தார். “ஏம்மா, நஷ்ட ஈட்டை அந்தப் பையன் தன் கையிலேருந்து குடுக்கணும்னா நெனச்சீங்க? வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்குல்ல? கம்பெனி குடுக்கும். இதுக்குன்னுதான் வருசா வருசம் கட்டுறாங்க.”

இருசம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடித்தவன் வீட்டு அண்டா குண்டாவை விற்றுக் கொடுப்பதுதான் நஷ்ட ஈடு என்று அவள் நினைத்திருந்தாள். ஊரில் எல்லாப் பஞ்சாயத்தும் அப்படித்தான் முடிந்திருக்கின்றன.

“ஆனா போலீசுல புகார் பதிவாகணும். ஓட்டுனது யாருன்னு எழுதணும். விபத்து நடந்து ஆறு மாசத்துக்குள்ள மனு போடணும். இன்னும் பத்தொம்பது நாள் இருக்கு. பேரச் சொல்லுங்க.”

“சொல்றேங்க. அதுக்கு முன்னாடி அந்தத் தம்பிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்.”

“கேட்டா ஓடிருவான்மா. எத்தன கேஸ் பாத்திருக்கேன்.”

“ஓடுறவனா இருந்தா அன்னிக்கே ஓடியிருப்பாங்க.”

இப்படிச் சொல்லிவிட்டாளே தவிர, அன்று முழுக்க அவன் நம்பருக்கு அடித்தும் எடுக்கவில்லை. மறுநாளும் இல்லை. இலக்கியா அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் நடமாடினாள். மூன்றாம் நாள் விடியற்காலை இருசம்மாள் ஊன்றுகோலை எடுத்தாள். ஜெயங்கொண்டம், அரியலூர், பெரம்பலூர், அப்புறம் செட்டிகுளம். நாலு பஸ். ஒவ்வொரு படியிலும் இலக்கியா பின்னாலிருந்து தாங்கி ஏற்றினாள்.

மலை மேல் முருகன் கோயில் தெரியும் தெருவில் அவன் வீடு. வாசலில் சின்ன வெங்காயம் குவிந்து கிடந்தது. அவன் அம்மா அழுகியதைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். “போன வித்துட்டான்மா. விசா இப்பத்தான் வந்துச்சு, ஏஜென்ட்டுக்குக் கட்டணும்னு. வெங்காயக் கொல்லைக்குப் போயிருக்கான், வந்துருவான், உக்காரு,” என்று நாற்காலி போட்டார். இவள் யார் என்று அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. இருசம்மாள் சும்மா உட்கார மாட்டாதவள். ஒரு கூடையை மடியில் வைத்துக்கொண்டு அவளும் வெங்காயம் பொறுக்கத் தொடங்கினாள்.

தமிழழகன் சைக்கிளில் வந்து இறங்கினான். அவளைப் பார்த்தான். ஊன்றுகோலைப் பார்த்தான். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட மறந்தான். அது சாய்ந்து விழுந்தது.

“இன்னும் நடக்க வரலியாக்கா?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சீழ், இரண்டாவது ஆபரேஷன், வக்கீல், பத்தொன்பதில் மூன்று போய்ப் பதினாறு நாள். சொல்லிவிட்டு, “நீ வேணாம்னா வேணாம் தம்பி. நான் மாட்டு மேலயே சொல்லிட்டுப் போறேன். குவைத்துக்குப் போற புள்ள,” என்றாள். இலக்கியா அம்மாவை முறைத்தாள்.

அவன் வெங்காயக் குவியல் பக்கத்தில் குந்தினான். ஒரு வெங்காயத்தை எடுத்துத் தோலை உரித்தான். உள்ளே அம்மா பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லலக்கா. அன்னிக்கு ஏஜென்ட்டு போன் அடிச்சாரு. விசா வந்துருச்சான்னு ஆசையில எடுத்துப் பாத்தேன். அந்த ஒரு நிமிசம்தான்.”

“தெரியும்டா.”

“எப்படி?”

“இருட்டுற நேரம். ஒன் மூஞ்சில போன் வெளிச்சம் அடிச்சுது. காரப் பாக்கறதுக்கு முன்னாடி அதத்தான் பாத்தேன்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். இத்தனையும் தெரிந்தே அவள் மாட்டைச் சொன்னாள் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். “நான் குவைத்து போயி ரெண்டு வருசம் கழிச்சு வந்து சாட்சி சொன்னா, ஒங்க கால் அது வரைக்கும் காத்திருக்குமா? வாங்க. ஸ்டேஷனுக்கு நானே வரேன்.”

மறுநாள் இரண்டு பேரும் ஒன்றாகப் போய் நின்றதைப் பார்த்து இன்ஸ்பெக்டருக்கே குழப்பம். “ஏம்பா, இடிச்சவன் ஓடுவான், இடிபட்டவங்க தேடுவாங்க. நீங்க என்னடான்னா ஒரே பஸ்சுல வந்து எறங்குறீங்க. என்னா நாடகம் இது?” என்றார். இரண்டு நாள் அலையவிட்டுத்தான் எழுதினார். ஆறு மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது ஜெயசித்ரா மனுவைத் தாக்கல் செய்தார். பெரம்பலூர் முதலாளி தமிழழகனை வேலையை விட்டு நிறுத்தினார். அவனுக்கு வந்திருந்த விசா காலாவதியாகிப் போனது. அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினான். அதோடு அந்த வழக்கு முடிந்தது. ஒளிந்து திரிந்திருந்தால்தான் முடிந்திருக்காது என்று ஜெயசித்ரா சொன்னார்.

நஷ்ட ஈட்டு வழக்கு முடிய இன்னும் ஒன்றரை வருஷம் ஆனது. சாட்சிக் கூண்டில் இருசம்மாளால் ஏற முடியாததால் நீதிபதி அம்மா நாற்காலி போடச் சொன்னார். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் எழுந்தார்.

“டாக்டர்கிட்ட மாடு முட்டிச்சுன்னு சொன்னது நீங்கதானே?”

“நான்தாங்க. மாடு வூட்டுல கட்டிக் கெடந்துச்சு. பாவம், அதுக்கு ஒண்ணும் தெரியாது.”

“அப்போ பொய் சொன்னீங்க. இப்ப சொல்றத மட்டும் எப்படி நம்பறது? நீங்களும் டிரைவரும் கூட்டு சேந்துக்கிட்டீங்க.”

“அன்னிக்குச் சொன்ன பொய்யால நட்டம் எனக்குத்தாங்க. இன்னிக்கும் பொய் சொல்றதா இருந்தா கொஞ்சம் லாபமான பொய்யா பாத்துச் சொல்லியிருக்க மாட்டேனா?”

வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். “முந்திரி உடைக்கிற வேலைன்னு மனுவுல இருக்கு. அவங்க கையெல்லாம் கறுத்திருக்கும்னு சொல்றாங்க. உங்க கை வெள்ளையா இருக்கே?”

இருசம்மாள் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். உண்மைதான். கல்யாணத்தில் மறைத்து வைத்த கைகள் இவை அல்ல.

“ஒடைச்சாத்தானேங்க கறுக்கும். ஒன்றர வருசமா ஒடைக்கலியே. அதச் சொல்லத்தான் வந்திருக்கேன்.”

நீதிபதி அம்மா குனிந்து எழுதினார். எழுதும்போது லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

தமிழழகன் செட்டிகுளத்திலிருந்து வந்து, போனைப் பார்த்தது உட்பட ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். கடைசியில் கை கொடுத்தது அதே பதிவேடுதான். மாடு என்று எழுதிய டாக்டர் அதற்குக் கீழே, கொண்டுவந்து சேர்த்தவர் தமிழழகன், செட்டிகுளம் என்றும் எழுதி வைத்திருந்தார். அதே ராத்திரி அதே பெயரில் ரத்தம் கொடுத்த சீட்டும் இருந்தது. எலும்பு முறிந்த உயரத்தையும் விதத்தையும் பார்த்தால் இது கொம்பு பட்ட காயம் அல்ல, கார் முன்பக்கம் இடித்த காயம்தான் என்று எலும்பு டாக்டர் வந்து சாட்சி சொன்னார். ஆபரேஷன் செலவும், கொட்டகைக் கூலிக்கு ஈடும் சேர்த்துக் கம்பெனி கொடுக்க வேண்டும் என்று நேற்று தீர்ப்பானது. நாற்பது லட்சமெல்லாம் இல்லை. ஆறு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. அதிலும் பெரும்பகுதி பேங்கில் இருந்து பிறகுதான் கைக்கு வரும். அது போதும் அவளுக்கு. இரண்டாவது ஆபரேஷனுக்கு வாங்கிய கடன் தீரும். நின்றுகொண்டே செய்ய ஒரு சின்னக் கடை வைக்கலாம்.

தமிழழகன் தீர்ப்பைக் கேட்க இருக்கவில்லை. சாட்சி சொன்ன நாலாம் மாதம் வேறொரு விசா வந்தது. திருச்சியில் விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் இங்கே வந்தான். இருசம்மாள் அவனுக்கு உடையாத முழுப் பருப்பாகப் பார்த்து ஒரு கிலோ கட்டி வைத்திருந்தாள். வெள்ளச்சியின் கழுத்தைத் தடவிக்கொண்டே, “என் பாவத்த நீ சொமந்த,” என்றான். அது அவன் கையை நக்கியது.

“ஒரே ஒரு சத்தியம் பண்ணு,” என்றாள் இருசம்மாள். “வண்டி ஓட்டுறப்ப எவன் அடிச்சாலும் போன எடுக்கக் கூடாது. விசா ஏஜென்ட்டு அடிச்சாலும் சரி, ஒங்கம்மா அடிச்சாலும் சரி. நான் அடிச்சாலும் சரி.”

அவன் வெள்ளச்சி தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான்.

அரிசியை இறக்கி வைத்துவிட்டு ஜானகி வாசலிலேயே நின்றாள். உண்மையான தொகையையும், முதலில் தமிழழகனுக்குப் போன் போட்டு நன்றி சொல்ல வேண்டும் என்பதையும் இருசம்மாள் வழியிலேயே சொல்லிவிட்டாள். ஜானகிக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

“அப்ப மாடு முட்டவே இல்லேங்கறது நெசந்தானா?”

“நீதிபதியே எழுதிட்டாங்க,” என்றான் கட்டுத்தறியில் இருந்த மாயவன். “எங்க வெள்ளச்சிக்கு விடுதலை. நாளைலேருந்து பாலுக்குச் சொம்பு எடுத்துக்கிட்டு வா. பழைய வெலைக்குத் தர மாட்டேன், மான நஷ்டம் சேத்துத்தான் வாங்குவேன்.”

“நல்லா இருக்கே கூத்து. இடிச்சவனுக்கு நன்றி சொல்ல ஓடி வர்ற ஒரே பொம்பள இவதான்,” என்று ஜானகி இருசம்மாளைக் காட்டினாள்.

“இடிச்சது ஒரு நிமிசம்டி. அதுக்கப்பறம் ரெண்டு வருசமா அவன் வுட்டுட்டுப் போவலியே. நம்ம ரோட்டுல இடிச்சிட்டு நின்னவன் எத்தன பேரு, சொல்லு பாப்போம்.”

இருசம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். போனில் தமிழழகன் படத்தை இலக்கியா முதலாவதாக வைத்துக் கொடுத்திருந்தாள். தொட்டாள். மணி போனது. என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒழுங்கு செய்தாள். வீடு கீடெல்லாம் ஊர்ப் பேச்சு, நம்பாதே. கேஸ் ஜெயிச்சாச்சு. ஒன்னாலதான். அம்மாகிட்டயும் சொல்லிடு.

மூன்றாவது மணி.

“எடுக்கலியா?” என்றான் மாயவன்.

“மணி என்னய்யா ஆவுது?”

“நாலரை.”

அங்கே இரண்டு. பள்ளிக்கூடம் விடுகிற நேரம். அவன் வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருப்பான். இது அவளுக்கு இப்போதுதான் நினைவு வந்தது. ஆசையில் எடுத்துவிடுவானோ? விரல் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. அமுக்காமல் அதன் மேலேயே நின்றது.

நாலாவது மணி. ஐந்தாவது.

“எடுத்துறாதடா தம்பி,” என்றாள் போனைப் பார்த்து.

“கூப்புட்டுட்டு எடுக்காதங்கற. கிறுக்குப் புடிச்சிருக்கா ஒனக்கு?”

ஆறாவது மணியும் போனது. அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. ஏழாவதும் அடித்தது.